காரை விற்றவரின் முகவரி

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்நேரத்தில் மின்னஞ்சல் எழுதுவதற்கு மன்னியுங்கள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். போன் செய்தால் குரலை வைத்தே அம்மா கண்டுபிடித்துவிடுவாள். அவள் முழங்கால் வலி தேவலையா? உங்கள் சர்க்கரை?

பயப்படாதீர்கள், இருவரும் நலம். நான் வாங்கிய பழைய காரின் முன்கண்ணாடிதான் போய்விட்டது. இன்று சிக்னலில் ஒருவன் இரும்புக் கம்பியால் அதை நொறுக்கினான். "இறங்குடா வெளியே!" என்று கதவைத் திறந்து முடியைப் பிடித்து இழுத்த பிறகுதான் நான் பெண் என்று பார்த்தான். அதற்குள் அவன் மணிக்கட்டை ரத்தம் வரக் கடித்துவிட்டேன். உங்கள் மகளுக்குப் பல் நல்ல உறுதி!

"ரெண்டு மாசம் முன்னாடி இந்தக் கார்தான் என் தம்பியோட காலை நசுக்கிட்டு நிக்காம போச்சு."

"அண்ணா, நான் வாங்கியே ஒரு மாசம்தான் ஆகுது."

"வித்தவன் எங்க இருக்கான்?"

பின்சீட்டில் பாப்பா வீறிட்டுக்கொண்டிருந்தாள். கம்பி இன்னும் அவன் கையில் இருந்தது. முகவரியைச் சொல்லிவிட்டேன். "காலையில அவனைப் பாத்துக்கறேன்" என்று போனான்.

விற்றவர், காரில் பாப்பா உட்காரும் குழந்தை சீட்டைச் சும்மாவே கொடுத்தவர். அவர் வீட்டிலும் கைக்குழந்தை. ஆனால் பம்பர் நெளிசலைப் பற்றிக் கேட்டபோது, "வீட்டு கேட்டுல இடிச்சுது" என்று எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். அவரை எச்சரித்தால் தப்பி ஓடுவார். போலீசுக்குச் சொன்னால் வழக்குக்காகக் காரை எடுத்துக்கொள்வார்கள். அது இல்லாமல் பாப்பாவைக் காப்பகத்தில் விட்டு வேலைக்குப் போக முடியாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் அங்கே மண்டை உடையும். இங்கே யோசனை கேட்க எனக்கு யாருமில்லை.

அம்மாவின் தாலாட்டைப் பதிவு செய்து அனுப்புங்கள், பாப்பாவுக்குத்தான். பாப்பா முனகுகிறாள், போகிறேன். நான் என்ன செய்யட்டும் அப்பா? விடிவதற்குள் பதில் போடுங்கள்.