என் இருக்கையில் நார்மன்

அன்புள்ள மிரேய்,

நலம்தானே? முழங்கால் வலி குறைந்ததா? இங்கே வடக்கே சுரங்கப் பக்கம் இன்னும் பனி உருகவில்லை. நான் நன்றாக இருக்கிறேன்.

சனிக்கிழமை ஐஸ் ஹாக்கி ஆட்டத்தைச் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். கூடுதல் நேரத்தில் நம் அணி கோல் போட்டதும் கேமரா கூட்டத்தின் பக்கம் திரும்பியது. நீ துள்ளிக் குதித்துப் பக்கத்தில் இருந்தவரைக் கட்டிக்கொண்டாய். என் இருக்கையில் பக்கத்து வீட்டு நார்மன்!

"டேய் ரெஜான், அது உன் சம்சாரம்தானே? கூட இருக்கிறவன் யாருடா, உன்னைவிட ஜோரா இருக்கான்?" என்று என்னோடு லாரி ஓட்டும் காஸ்தோன் கத்தினான்.

"பக்கத்து வீட்டுக்காரன்டா. பாவம், தனி ஆளு."

"இப்ப நீதான்டா தனி ஆளு!"

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். சீசன் முழுவதுக்கும் வாங்கிய என் டிக்கெட்டை வீணாக்காதே, யாரையாவது அழைத்துப் போ என்று சொன்னவன் நான்தானே.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. அலமாரியில் உள்ள என் அணிச் சட்டையையும் அனுப்பிவிடு. அதை யாருக்கும் இரவல் கொடுக்காதே.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. வருகிற சனிக்கிழமை தோற்றால் நம் அணிக்கு இந்த சீசன் முடிந்தது. ஆறு வயதிலிருந்து அந்த அணிக்காகத் தொண்டை கிழியக் கத்தியவன், நேற்று அது தோற்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அந்த இருக்கையில் உன் தங்கையை உட்கார வை, மிரேய். ஜெயிக்கட்டும் என்று வேண்டிக்கொள்ள எனக்கும் ஆசையாக இருக்கிறது.

தபால் விமானம் கிளம்பப் போகிறது.

உன்,
ரெஜான்