நீ அனுப்பிய ஹெட்ஃபோனும் நம் பழைய டிவியும்

என் செல்ல வாலுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ புருவத்தை உயர்த்துவது இங்கிருந்தே தெரிகிறது. ஃபோனில் நீ பேசுவது எனக்குப் பாதிதான் காதில் விழும், மீதியை உன் அம்மாதான் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துச் சொல்வாள், இந்த விஷயத்தை அவளை வைத்துக்கொண்டு உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால்தான் இப்படி.

முதலில் வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்ததை நானே வாஷர் மாற்றிச் சரி செய்துவிட்டேன். அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன், இதற்கு மேல் மோசமாகவில்லை, ஆனால் இனி தெளியவும் தெளியாது என்று சொல்லிவிட்டார். நடுவில் புகை படிந்தது போலவும் ஓரங்கள் மட்டும் தெரிவது போலவும் இருக்கிறதாம், யாராவது வந்தால் சட்டை நிறத்தையும் நடையையும் வைத்துத்தான் ஆளைச் சொல்கிறாள், அதிலும் தப்புவதில்லை. மாப்பிள்ளையின் முதுகுவலி எப்படி இருக்கிறது? நாற்காலியே கதி என்று கிடக்க வேண்டாம், அவ்வப்போது எழுந்து நடக்கச் சொல். நீயும் காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே, அந்தப் பழக்கம் உனக்கு என்னிடமிருந்து வந்தது, அதை மட்டுமாவது என்னிடமே திருப்பிக் கொடுத்துவிடு.

சரி, சுற்றி வளைத்தது போதும். நீ அனுப்பிய ஹெட்ஃபோன் வந்த அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கீழ் வீட்டு நர்ஸ் இரவு வேலைக்குப் போகிறவள், சாயங்காலம்தான் அவளுக்குத் தூக்கம், நம் டிவி சத்தத்தில் தூங்க முடியவில்லை என்று மேலே ஏறி வந்து தயங்கித் தயங்கிச் சொன்னதிலிருந்து எனக்குக் கூச்சமாக இருந்தது. பட்டறையில் அத்தனை வருடம் தகடு அடித்த சத்தத்துக்குக் காதைக் கொடுத்துவிட்டு இப்போது ஊருக்கே டிவி வைக்கிறேன். பெட்டியைப் பிரித்து, ஹெட்ஃபோனுக்குச் சத்தத்தை அனுப்புகிற சின்ன மேடையின் வயர்ப் பின்னைக் கையில் வைத்துக்கொண்டு டிவியைச் சுற்றிச் சுற்றி வந்தேன், அதைச் செருக ஓர் ஓட்டையும் இல்லை. நம் டிவி அந்தக் காலத்து ஆள், பின்னால் சிவப்பும் வெள்ளையுமாகச் சோடி சோடியாக ஓட்டைகள்தான். நல்லவேளை, ஒரு முனையில் சிவப்பு வெள்ளைப் பின்களும் மறுமுனையில் ஹெட்ஃபோன் மேடைக்கான சின்னப் பின்னும் உள்ள வயரை நீ சேர்த்தே வைத்திருந்தாய். செருகினேன், ஒரு சத்தமும் இல்லை. நீ ஏமாந்து வாங்கிவிட்டாய் என்று முணுமுணுத்தேன், அதற்கு மன்னித்துக்கொள். பிறகு என் ரேடியோவில் மாட்டிப் பார்த்தால் ஜோராகப் பாடுகிறது. அப்போதுதான் உறைத்தது. பட்டறையில் மெஷினுக்கு அடியில் பார்க்க வைத்திருந்த காம்புக் கண்ணாடியை எடுத்து, டார்ச் அடித்து, டிவிக்குப் பின்னால் மங்கிப்போயிருந்த எழுத்தைப் படித்தேன். நான் செருகியிருந்தது சத்தம் உள்ளே போகிற வரிசை, வெளியே வருகிற வரிசை அதற்குக் கீழே இருந்தது. மாற்றிச் செருகியதும் செய்தி வாசிக்கிற அம்மாள் என் காதுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டாள். ரிமோட்டில் டிவியின் சத்தத்தை அடியோடு நிறுத்தினாலும் ஹெட்ஃபோனில் வந்துகொண்டே இருந்தது. கீழே நர்ஸுக்குத் தூக்கம், மேலே எனக்குக் காது. அம்மாவைக் கூப்பிட்டுப் பெருமை அடித்துக்கொண்டேன்.

நாங்கள் டிவி பார்க்கிற லட்சணம் உனக்குத் தெரியும். எனக்குப் பேச்சு புரியாது, அவளுக்குப் படம் தெரியாது, இருவரும் சேர்ந்தால்தான் ஒரு ஆள். ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள் இல்லையா, சீரியலில் மாமியார் மூச்சு விடாமல் பேசியதையெல்லாம் பொய் சொல்றா என்ற இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவாள். நான் பதிலுக்குப் படத்தைச் சொல்வேன், கதவு திறக்குது, கீல் தலைகீழா மாட்டியிருக்கான் என்பேன், கதவை விடுங்க, யார் வர்றாங்கன்னு சொல்லுங்க என்று அதட்டுவாள். இதுதான் எங்கள் சாயங்காலம். அதை நான் மறந்தேன் என்று எழுதினால் அது பொய். இரண்டாம் நாளே ஞாபகம் வந்தது, டிவியின் சத்தத்தைக் கொஞ்சமாக வைத்தால் அவளுக்கும் காதில் விழும், கீழேயும் இறங்காது, ஒரு பொத்தானை அழுத்துகிற வேலை. ரிமோட்டைக் கையில் எடுக்கவும் எடுத்தேன், அழுத்தவில்லை. யார் தயவும் இல்லாமல் நானே ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்பது அத்தனை சுகமாக இருந்தது, யாருக்கும் எதையும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம் என்பது அதைவிடச் சுகமாக இருந்தது. இன்னும் ஒருநாள், இன்னும் ஒருநாள் என்று தள்ளிக்கொண்டே போனேன். அவளும் பக்கத்தில் எப்போதும் போல உட்கார்ந்திருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை, அதனால் குறை ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நீ ஃபோனில் ஹெட்ஃபோன் எப்படி இருக்கிறது என்று கேட்டபோது, ரெண்டு பேரும் நிம்மதியாப் பாக்கிறோம்டி என்று அவள் சொன்னாள், நான் பக்கத்தில் தலையாட்டிக்கொண்டு இருந்தேன். அந்தத் தலையை என்ன செய்தால் தகும் என்று இப்போது தோன்றுகிறது.

ஒருநாள் எங்கோ வெள்ளம் வந்து வீடுகள் மிதப்பதைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த நேரம் பார்த்து எங்கள் பட்டறை மேஸ்திரி கிரீஸில் வழுக்கி விழுந்தது நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன். பக்கத்தில் அம்மாவும் சிரித்தாள். ஹெட்ஃபோனைக் கழற்றி, நீ எதுக்குச் சிரிக்கிறே என்று கேட்டேன். நீங்க சிரிச்சீங்களே, அதான் என்றாள். அதைக் கேட்ட பிறகும் மறுபடி மாட்டிக்கொண்டேன் வாலு, மாட்டிக்கொண்டேன்.

போன வாரம் காய்கறிப் பையோடு படியேறும்போது நர்ஸ் எதிரே வந்தாள். இப்போதெல்லாம் நன்றாகத் தூங்குகிறேன் என்று நன்றி சொன்னாள். பிறகு தயங்கினாள், என் முகத்துக்கு நேரே வந்து நோயாளியிடம் பேசுவது போல உரக்கவே கேட்டாள், அங்கிள், சாயங்காலம் ஆன்ட்டி யார்கிட்ட பேசிக்கிட்டு இருந்தாங்க, அது யாரு, இப்ப என்ன ஆச்சுன்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க, பதிலே வராது, ஜன்னல் வழியா எனக்குக் கேக்கும், கொஞ்ச நாளா அந்தச் சத்தத்தையும் காணோம், உடம்புக்கு முடியலையா என்று. அம்மா ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதினேனே, அவள் சொல்லாமல் இல்லை, இரண்டு காதையும் நான் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேட்டுக் கேட்டுப் பார்த்து அவளே விட்டுவிட்டிருக்கிறாள்.

அன்று சாயங்காலமே டிவியின் சத்தத்தைச் சின்னதாக வைத்தேன். என் கையைத் தொட்டுக் கூப்பிட்டிருக்கலாமே என்று அவளிடம் கேட்டேன், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நீங்க அவ்வளவு சந்தோஷமாப் பாத்துட்டு இருந்தீங்க, எதுக்குக் கெடுக்கணும் என்றாள். அதிலிருந்து அவள் பக்கத்துக் காதை மட்டும் மூடாமல் ஹெட்ஃபோனைச் சாய்த்து மாட்டிக்கொண்டு உட்கார்கிறேன். நானாகவே படத்தைச் சொல்கிறேன், நீலச் சட்டைக்காரன் வந்திருக்கான், அந்தப் பொண்ணு அழுறா என்கிறேன். ம் என்கிறாள், வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுவது போல. நீங்க பாருங்க, எனக்குப் பழகிடுச்சு என்கிறாள். அவளாக இன்னும் ஒரு கேள்வி கேட்கவில்லை. வேறு யார் மேல் கோபப்பட்டாலும் ஆறிவிடும், என் மேல் எனக்கு வந்திருக்கும் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை.

நீ அனுப்பியதில் ஒரு தப்பும் இல்லை, அதை நினைத்து நீ கண் கலங்காதே, இன்னொன்று வாங்கி அனுப்புகிறேன் என்றும் ஆரம்பிக்காதே. சாமான் நல்ல சாமான்தான், மாட்டிக்கொண்ட தலைதான் சரியில்லை. உனக்கு எழுதுகிற எதையும் ஒட்டுவதற்கு முன் அவளுக்கு வாசித்துக் காட்டுவது வழக்கம், இதை மட்டும் வாசிக்காமல் அனுப்பிவிடலாமா என்று இவ்வளவு நேரம் யோசித்தேன். அப்படிச் செய்தால் செய்த காரியத்தையே மறுபடியும் செய்கிறேன். வாசித்துவிடுகிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் ஒருவர் பேச்சுக்கு ஒருவர் காது கொடுத்து நீடூழி வாழ வேண்டும். குளிருக்குக் காலுறை போடாமல் தரையில் நடக்காதே.

இப்படிக்கு,
உன்னிடம் சொல்லவே வெட்கப்படும்,
அப்பா

பி.கு. வாசித்து முடித்துவிட்டேன். அவள் என் பக்கம் திரும்பி, இப்ப உங்க முகம் எப்படி இருக்குன்னு சொல்லுங்க என்று கேட்டாள். சொன்னேன், ஒன்றையும் விடாமல் சொன்னேன்.