காப்புக் கட்டிய கை

10-1-1982, ஞாயிறு. அரியலூர்

ஹெட் கிளார்க் பதவி இந்த முறையும் வேறொருவனுக்குப் போய்விட்டது. அவன் எனக்குப் பின்னால் சேர்ந்தவன். கணிதத்தில் எம்.ஏ. படித்த நான் தாலுகா ஆபீஸில் பட்டா மாறுதல் பார்த்தே கிழவனாக வேண்டும் போலிருக்கிறது. சரி, போகட்டும். போகவும் மாட்டேனென்கிறது.

இன்று கிரிக்கெட் கிளப் மைதானத்தில் ஆடுகளத்தின் மேல் காயர் மேட்டை, தேங்காய் நார்ப் பாயை, விரித்து ஆணி அடித்துக்கொண்டிருந்தபோது சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று டயர் பஞ்சராகி ஓரமாக நின்றது. லோடு ஏற்றும் ஆள் ஒருவன் இறங்கி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். இருபது வயது சொல்லலாம். ஆட்டம் தொடங்கியதும் எல்லைக்கு வெளியே வந்த பந்தை எடுத்து எறிந்தான். அது ஒரு தடவைகூடத் தரையில் படாமல் கீப்பர் பிச்சைமுத்துவின் கையுறைக்குள் வந்து அடித்தது. பிச்சைமுத்து கையை உதறிக்கொண்டே, "தம்பி, இங்க வந்து ஒண்ணு போடு. நம்ம கேப்டன் நடராசன் சார்தான் ஆடறாரு, பயப்படாத" என்றார்.

வெறுங்காலோடு ஓடி வந்தான். முதல் பந்தைப் பார்த்தேன். இரண்டாவதைப் பார்க்கவில்லை, சத்தம்தான் கேட்டது. நடு ஸ்டம்பு இரண்டாக முறிந்து கிடந்தது.

"கட்ட ஒடஞ்சிருச்சுங்களே சார்" என்று நிஜமாகவே வருத்தப்பட்டான். கட்டைக்குத்தான் வருத்தம். என் மானம் அவன் கணக்கில் வரவில்லை.

பெயர் கொளஞ்சி. குன்னம் பக்கம், காலனி.

என்னை அவுட்டாக்கியவர்களையெல்லாம் பெயர் சொல்லித் திட்டுகிறவன் நான். இவனைத் திட்ட வாய் வரவில்லை. ராத்திரி சாப்பிடும்போது தானாகச் சிரித்தேன். மலர்க்கொடி, "என்னங்க, பிரமோஷன் வந்துடுச்சா?" என்று கேட்டாள்.

17-1-1982

இன்றும் வந்தான். லாரி பஞ்சர் ஆகாமலே.

28-2-1982, ஞாயிறு

பெரம்பலூரோடு மேட்ச். அவர்கள் கேப்டன் வைரக்கண்ணு, பஸ் கண்டக்டர். வாயும் கண்டக்டர் வாய்தான். கொளஞ்சியின் காலைப் பார்த்துவிட்டு, "என்ன சார், செருப்பில்லாத ஆளையெல்லாம் ஏத்திட்டு வந்திருக்கீங்க, டீம் ஃபுல்லாவலியா?" என்றான்.

மத்தியானத்துக்குள் ஏழு பேர் காலி. வைரக்கண்ணு முட்டியில் அடி வாங்கி, நொண்டிக்கொண்டே வந்து என் காதோடு சொன்னான்: "சார், கையெடுத்துக் கும்புடறேன், அவனுக்கு ஒரு சோடி செருப்பு வாங்கிக் குடுங்க. வேகமாச்சும் கொறையும்."

கொளஞ்சிக்கு நான் ஒன்றும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தருவதற்கு எனக்கு என்ன தெரியும்? நாளெல்லாம் கல்லைத் தலைக்கு மேல் தூக்கி லாரிக்குள் எறிகிற தோள் அது. நான் ஸ்லிப்பில் நின்று வேடிக்கை பார்த்தேன். நல்ல இடம்.

14-11-1982

திருச்சி. ஜில்லா கிரிக்கெட் சங்கச் செயலாளர் ராசாங்கத்தைப் பார்த்துக் கொளஞ்சியைப் பற்றிச் சொன்னேன். "குவாரி ஆளா? பாக்கலாம், பாக்கலாம்" என்றான். விசிறி அவன் பக்கம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

இதே ராசாங்கம்தான். ஐம்பத்தாறில், கல்லூரி அணியில் எனக்கு வரவேண்டிய இடம். அவன் அப்பா அணிக்கே விருந்து வைத்தார். இவன் இறங்கி ஆடினான், நான் தண்ணீர் தூக்கினேன். மறந்துவிடு என்கிறாள் மலர்க்கொடி. எப்படி மறப்பது? பட்டதெல்லாம் நான்தானே.

17-4-1983, ஞாயிறு

சொல்லிவிடுகிறேன், கை பரபரக்கிறது. மெட்ராஸில் முதல் டிவிஷன் ஆடும் ஒரு கம்பெனி டீம் மே 7, 8 திருச்சிக்கு வருகிறது. நம் ஜில்லா அணியோடு இரண்டு நாள் ஆட்டம். அவர்களுக்கு ஒரு வேகப்பந்துக்காரன் வேண்டுமாம். மேனேஜர் செல்லப்பன் என்பவர் நேரில் பார்த்து எடுப்பார். எடுத்தால் கம்பெனியில் வேலை, மாதச் சம்பளம். வேலை என்பது கிரிக்கெட் ஆடுவதுதான்.

ஜில்லாவின் வேகப்பந்துக்காரன் தோள் நழுவிப் படுத்திருக்கிறான். ராசாங்கத்துக்கு வேறு வழியில்லை. கொளஞ்சி அணியில் இருக்கிறான்!

3-5-1983, செவ்வாய்

தலையில் இடி. கொளஞ்சி ஊரில் இன்று மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியாயிற்று. இவனும் தீச்சட்டி எடுக்கக் கையில் காப்புக் கட்டிக்கொண்டான். அவிழ்க்கிறவரை வெளியூரில் ராத்தங்கக் கூடாது. மேட்ச் இரண்டு நாள்.

4-5-1983

லீவு போட்டுவிட்டு அவன் வீட்டுக்கே போனேன். கத்தினேன் என்பது உண்மை. இந்தக் காலத்துல இப்படி ஒரு மூடத்தனமா, வாழ்க்கையே போவப் போவுதுடா, மெட்ராஸ்காரன் மறுபடி வருவானா — என்னென்னவோ.

கொளஞ்சி தலையைக் குனிந்துகொண்டு நின்றான். "எனக்கு அம்ம போட்டுக் கெடந்தப்ப வேண்டிக்கிட்டதுங்க சார்" என்றான்.

அவன் அம்மா பொன்னாயி வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தது. தலை நிமிராமலே சொன்னது: "எதுக்கு சார் தொண்ட தண்ணி வத்தக் கத்துறீங்க? அவன போவ வேணாம்னு இங்க யாரு சொன்னா? வெடியக்கால போவட்டும், வெளக்கு வைக்கறதுக்குள்ள எல்லைக்குள்ள வந்துரட்டும். மறுநாளு மறுக்காப் போவட்டும். ஆத்தா என்ன பகல்லயா ஆளெண்ணப் போறா?"

திரும்பும் வழியெல்லாம் பஸ் நேரம் கணக்குப் போட்டேன். மூன்றரை மணிக்கு அவன் மைதானத்தை விட்டுக் கிளம்பியாக வேண்டும். அதற்குள் செல்லப்பன் கண்ணில் பட வேண்டும்.

7-5-1983, சனி

பஸ்ஸில் வந்த களைப்பு. ஆனால் எழுதாமல் தூக்கம் வராது.

டாஸில் ஜெயித்தோம். பேட்டிங் எடுக்கச் சொன்னான் ராசாங்கம். போச்சு. நம் ஆட்கள் சாயங்காலம்வரை ஆடினால் கொளஞ்சி பந்தைத் தொடாமலே பஸ் ஏற வேண்டியதுதான். வாழ்க்கையில் முதல்முறையாக என் பக்கமே தோற்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டேன். நம் ஆள் ஒரு நான்கு அடித்தால் எனக்கு வயிறு எரிந்தது. கேட்ச் கொடுத்தால் கைதட்டினேன். பக்கத்திலிருந்தவர் எழுந்து வேறு நாற்காலிக்குப் போய்விட்டார். சாப்பாட்டுக்குப் பிறகும் கடைசி ஜோடி — புண்ணியவான்கள் — கட்டையைப் போட்டுக்கொண்டு நின்றது. இரண்டு மணி தாண்டித்தான் விழுந்தது.

பந்து கொளஞ்சி கையில். ஓடி வந்தான். பேட்ஸ்மேன் கையைத் தூக்கி நிறுத்திவிட்டான். மணிக்கட்டில் மஞ்சளாக ஏதோ ஆடுகிறதாம், கண்ணை உறுத்துகிறதாம். அம்பயர் காப்பைக் கழற்றச் சொன்னார்.

"கழட்ட மாட்டனுங்க. வேணும்னா ஆடாமப் போயிடறேன்."

திரும்பி நடக்கவே ஆரம்பித்துவிட்டான். நான் உள்ளே ஓடினேன். முழுக்கைச் சட்டை போட்டு மறைத்தால் ஆயிற்று என்றார் அம்பயர். முழுக்கை வெள்ளைச் சட்டை அந்த மைதானத்தில் யாரிடம் இருந்தது? என் முதுகில்தான் இருந்தது. கழற்றிக் கொடுத்தேன். தோளில் ஓட்டை விழுந்த பனியனோடு ஜில்லாவின் பெரிய மனிதர்கள் நடுவே வந்து உட்கார்ந்தேன்.

"என்ன நடராசன், இது என்ன கோலம்?" — ராசாங்கம்.

"வெயில்" என்றேன்.

அடுத்த ஒரு மணி நேரத்தை எப்படி எழுதுவது? என் சட்டை காற்றில் உப்பிக்கொண்டு ஓடி வருகிறது. மெட்ராஸ் ஸ்டம்பு பறக்கிறது. மூன்று பேர். மூன்றாமவன் ஸ்டம்பு விழுந்த பிறகுதான் மட்டையை இறக்கினான். பந்து எழும்பி வரும்போதெல்லாம் செல்லப்பன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மூன்றரை. கேப்டனிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஸ்டாண்டை நோக்கி ஓடினான், என் சட்டையோடு.

"பாத்தீங்களா சார், பாதி ஆட்டத்துல ஓடறான். டிசிப்ளின் கெடையாது. இதுங்களுக்கெல்லாம் எடம் குடுத்தா இப்படித்தான். நாளைக்கு நான் எறக்க மாட்டேன்" என்று செல்லப்பனிடம் சொன்னான் ராசாங்கம்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ. "எறக்க மாட்டியா? யாரு எடத்த யாருடா குடுக்கறது? விருந்து போட்டு உள்ள வந்தவன் நீ. அவன் பந்து போட்டு வந்தவன். எறக்காமப் பாரு, இந்தப் பனியனோட கலெக்டர் ஆபீஸ் வாசல்ல போயி ஒக்காருவேன்" என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

செல்லப்பன் மெல்ல என் பக்கம் திரும்பி, "எங்க சார் போறான்?" என்றார். காப்பு, எல்லை, விளக்கு எல்லாம் சொன்னேன். மனிதர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அதான் இவன் எப்பக் கெளம்புவான்னு எங்க பசங்க உங்க ஊர் பஸ் டைமை விசாரிச்சுட்டே இருந்தானுங்களா?" பிறகு ராசாங்கத்திடம், "நாளைக்கு அவன் வரலன்னா நாங்க இன்னிக்கு நைட் டிரெயினுக்கே கெளம்பறோம் சார். வேற எதப் பாக்க வந்தோம்?" என்றார்.

துண்டைப் போர்த்திக்கொண்டு ஊர் திரும்பினேன். பஸ்ஸில் கண்டக்டர், "விரதமா சார்?" என்று கேட்டு, உட்கார்ந்திருந்த ஒருவரை எழுந்து இடம் கொடுக்கச் சொன்னார். நான் மறுக்கவில்லை.

8-5-1983, ஞாயிறு

வந்தான். என் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு வந்தான். கைப்பட்டியில் மஞ்சள் ஏறிவிட்டது. சாப்பாட்டு வேளைக்குள் இன்னும் நான்கு பேர்.

செல்லப்பன் கேட்டார்: "மெட்ராஸ் வர்றியாப்பா?"

"வரேங்க. தீமிதி அடுத்த ஞாயித்துக்கெழமங்க. மறுநா மஞ்சத்தண்ணி. காப்ப அவுத்துட்டு வந்துடறேங்க."

"அவசரமில்ல. ஆத்தாகிட்ட உத்தரவு வாங்கிட்டே வா" என்றார்.

இன்று ராசாங்கம் என்னைப் பார்த்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. நன்றாக, நிதானமாகப் பார்த்தேன்.

17-5-1983

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்ட். கொளஞ்சியை மெட்ராஸ் பஸ் ஏற்றிவிட்டோம். பொன்னாயிக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. "பந்து போடறதுக்கா சம்பளம்? கல்லு ஏத்த வேணாமா? நல்லாக் கேட்டுக்கிட்டியா?" என்று ஜன்னல் வழியே கேட்டது. நல்லாக் கேட்டாச்சும்மா என்றான். பஸ் நகர்ந்த பிறகு என்னிடம் திரும்பி, "சார், பந்து தொலஞ்சா இவன் பொறுப்பா?" என்றது.

26-6-1983

ஊரெங்கும் உலகக் கோப்பைப் பேச்சு. எனக்கு வேறு கவலை. கொளஞ்சிக்கு முள் வைத்த ஷூ காலைக் கடிக்கிறதாம்.

13-8-1983, சனி. மெட்ராஸ்

லீக்கில் அவனுக்கு முதல் ஆட்டம். பொன்னாயியையும் கூட்டி வந்தேன். மேட் கிடையாது, பச்சைப் புல்லில் ஆட்டம். "நல்ல பசுந்தீவனம், ஒரு மாட்டக்கூடக் காணும்" என்றது.

முன்வரிசையில் ராசாங்கம். திருச்சியிலிருந்து வந்திருக்கிறான். பக்கத்தில் பத்திரிகைக்காரர் ஒருவர். "நம்ம ஜில்லாப் பையன் சார். நான்தான் மொதல்ல கண்டுபிடிச்சு எறக்குனேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். எனக்குக் கேட்கும்படியாகவே.

எழுந்தேன். அவன் தோளைத் தொட்டுத் திருப்பி, இருபத்தேழு வருஷத்தையும் அந்தப் பத்திரிகைக்காரர் முன்னால் கொட்டிவிடப் போனேன்.

அதற்குள் பந்து கொளஞ்சி கைக்கு வந்துவிட்டது. மைதானத்தின் கோடிவரை நடந்து போய்த் திரும்பினான்.

"தள்ளி ஒக்காருப்பா, மறைக்குது" என்றேன். ராசாங்கம் தள்ளி உட்கார்ந்தான். நானும் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். கொளஞ்சி ஓடி வர ஆரம்பித்துவிட்டான்.