மூன்றாம் மாடிக்கு ஒரு ஜெபம்

செப்டம்பர் 4, திங்கள்

கவுன்டரில் இன்று பதினேழு புகார். விடுதியில் வெந்நீர் வரவில்லை – ஆறு. துவைக்கும் மெஷின் துணியை விழுங்கிக்கொண்டு கதவைத் திறக்க மாட்டேன் என்கிறது – நாலு. கேன்டீன் சூப்பில் தண்ணீரைத் தவிர எதுவும் இல்லை – ஒன்று. மீதி ஆறும் அறிவியல் கட்டட லிஃப்டைப் பற்றி.

வாசலில் 'மாணவர் சேவை மையம்' என்று ஆளுயரப் பலகை. உள்ளே நானும் ஒரு மேசையும் ஒரு ரப்பர் முத்திரையும். வகுப்பு இல்லாத மதியங்களில் எனக்கு இங்கே வேலை. படிவத்தை வாங்கி, 'பெறப்பட்டது' என்று குத்தி, தட்டில் போட வேண்டும். தட்டு நிறைந்ததும் மையத்தின் பொறுப்பாளர் மேடம் கட்டிக் கொடுத்தனுப்புவார். எங்கே போகிறது என்று இரண்டு வருடமாகக் கேட்கிறேன். "உரிய இடத்துக்குப் போகுதும்மா. நாம ஜெபிப்போம்" என்பார். கெட்ட மனுஷி இல்லை. அதுதான் எரிச்சல். கெட்டவராக இருந்தால் சண்டையாவது போட்டுத் தொலைக்கலாம்.

லிஃப்ட் புகார் ஆறில் ஒன்று என்னுடையது. நானே எழுதி, நானே வாங்கி, நானே குத்தினேன்.

செப்டம்பர் 5, செவ்வாய்

வெந்நீர் இல்லை.

செப்டம்பர் 8, வெள்ளி

மனசு இன்னும் ஆறவில்லை. கோபத்தில் பேனாவை அழுத்தி அழுத்தித் தாள் கிழிகிறது.

என் அறைத்தோழியை விடுதி முழுக்க ஜட்ஜம்மா என்றுதான் கூப்பிடும். எதைக் கேட்டாலும் தீர்ப்பு சொல்வாள், மேல்முறையீடு கிடையாது. சின்ன வயதிலிருந்தே இரண்டு ஊன்றுகோலில் நடப்பவள். தட்டையான தரையில் என்னைவிட வேகம். வேதியியலில் நாங்கள் இருவரும் கடைசி வருடம், லேபில் ஒரே மேசை. லேப் மூன்றாம் மாடியில். லிஃப்ட் போன மாதக் கடைசி நாளில் நின்றது. போன வெள்ளிக்கிழமை அவள் கீழேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பினாள். ஆப்சென்ட் ஒன்று.

இன்று ஏறுவேன் என்றாள். அறுபத்தாறு படி. பையை மட்டும் என்னிடம் கொடுத்தாள். முப்பத்தைந்து நிமிடம். நடுவில் இரண்டு பேர் "பாவம்" என்றார்கள். "பாவம் பண்ணவங்கதான் ஓரமா நிக்கணும், வழி விடுங்க" என்றாள். ஏறியும் விட்டாள்.

ஆனால் அறுபத்தாறு படியையும் ஏறியது அவள் கைகள். மேலே போய் ப்யூரெட்டைப் பிடித்ததும் இரண்டு கையும் தந்தி மாதிரி நடுங்கியது. கண்ணாடிக் குழாய் தரையில் விழுந்து தூள். நல்லவேளை, அமிலம் ஊற்றவில்லை. பேராசிரியர் ஓடி வந்தார்.

"கை நடுங்குறவங்க ஆசிட் தொடக் கூடாதும்மா. எனக்கு உன் மேல கோவம் இல்ல. நாளைக்கு உன் கண்ணுல பட்டா யார் பதில் சொல்றது?"

சரிதான். தப்பே சொல்ல முடியாது. ஆனால் வருகைப் பதிவில் ஆப்சென்ட் போட்டார் பாருங்கள் – மேலே நிற்பவளுக்கு! ஆப்சென்ட் இரண்டு. நாலு வரை மன்னிப்பு உண்டு. ஐந்தாவது விழுந்தால் லேப் பாடம் ரத்து. பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும்.

இறங்க இருபது நிமிடம். 

செப்டம்பர் 11, திங்கள்

தட்டை நம்பிப் பிரயோஜனம் இல்லை. நேராக எஸ்டேட் ஆபீசுக்கே போனேன். கட்டடம், குழாய், லிஃப்ட் எல்லாம் அவர்கள் பொறுப்பு. அதே கட்டடத்தின் மூன்றாம் மாடிதான். மூச்சு வாங்க ஏறிப் போனால் பூட்டு. கதவில் ஒரு தாள்: 'அலுவலகம் தற்காலிகமாகத் தரைத்தளம், இரண்டாம் அறைக்கு மாற்றப்பட்டுள்ளது.' தேதி, செப்டம்பர் 1. லிஃப்ட் நின்ற மறுநாள்!

இறங்கினேன். ஆபீசர் காலை ஒரு ஸ்டூலில் நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"முட்டி வலிம்மா. டாக்டர் படி ஏறவே கூடாதுன்னுட்டாரு."

"அப்போ எங்க லேபையும் கீழே கொண்டு வரலாமே சார்?"

"லேப் என்ன மேசை நாற்காலியா? காஸ் லைன் இருக்கு, சிங்க் இருக்கு. விவரம் தெரியாம பேசாதே."

"லிஃப்ட் சார்?"

"புகார் வரட்டும், பார்ப்போம்."

"நானே ஆறு புகார் முத்திரை குத்தி அனுப்பியிருக்கேன்."

"என் கைக்கு வரலியே."

ஒரு முட்டிக்காக ஓர் ஆபீசே ஒரே நாளில் மூன்று மாடி இறங்கியிருக்கிறது. இவளுக்காக ஒரு போன்கூடப் போகவில்லை. அறையில் வந்து சொன்னேன். ஜட்ஜம்மா சிரித்தாள். "அந்த முட்டி ஆபீசர் முட்டிடி. நம்மது சும்மா முட்டி."

செப்டம்பர் 13, புதன்

சேப்பல். கட்டாயம். எனக்குக் கடவுளோடு தகராறு இல்லை. அவர் பெயரில் நடக்கிற ஆபீசோடுதான்.

ஆனால் இன்று ஒன்றைக் கவனித்தேன். பின்வாசலில் ஜெபப் பெட்டி இருக்கிறது. இந்தப் பல்கலைக்கழகத்தை ஆரம்பித்தவர் காலத்திலிருந்து ஒரு விதி: பெட்டியில் விழுந்த சீட்டு எதுவானாலும், எழுதியது யார் என்று கேட்காமல், ஒரு வார்த்தை மாற்றாமல் பாஸ்டர் வாசிக்க வேண்டும். அறுநூறு பேரும் அதற்காக ஒரு நிமிடம் ஜெபிக்க வேண்டும். இன்று ஒருவருடைய அப்பாவுக்குப் புற்றுநோய். அடுத்த சீட்டு, 'என் ரூம்மேட்டின் குறட்டை நிற்க.' இரண்டையும் பாஸ்டர் ஒரே குரலில் வாசித்தார். அறுநூறு பேரும் குறட்டைக்காகக் கண்ணை மூடினார்கள்.

இந்த வளாகத்தில் எழுதிப் போட்ட தாள் தவறாமல் போய்ச் சேருகிற இடம் அது ஒன்றுதானோ?

செப்டம்பர் 15, வெள்ளி

நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேராகத் தூக்கிப் போகிறோம் என்றேன். "நான் என்ன பீரோவா? படியில எவனாவது தும்மினா நான் எங்க போய் விழுவேன்?" என்றாள். போகவில்லை.

மூன்று.

செப்டம்பர் 18, திங்கள்

பெட்டியில் போட்டுவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. நாலு தாள் கிழித்து ஐந்தாவதில் திருப்தி வந்தது. கல்லும் கரையும்.

செப்டம்பர் 20, புதன்

வாசித்தார்.

'பிறவியிலிருந்தே நடக்க முடியாத ஒரு சகோதரி, மூன்றாம் மாடிக்கு ஏற முடியாமல் தன் பட்டத்தை இழக்கும் நிலையில் இருக்கிறாள். அவளுக்காக ஜெபியுங்கள்.'

அறுநூறு பேரில் ஊன்றுகோல் வைத்திருப்பவள் ஒருத்திதான். அறுநூறு தலையும் திரும்பியது. பிறகு குனிந்தது. யாரோ பின்னாலிருந்து உரக்கவே, "கர்த்தாவே, அந்த மகளுடைய கால்களைத் தொடும்" என்றார்கள். அழுகைச் சத்தம் வேறு. எஸ்டேட் ஆபீசரும் முன்வரிசையில் கண்ணை மூடி உருக்கமாக ஜெபித்தார். பாவி மனுஷன், ஒரு போன் பண்ணியிருந்தால் போதுமே!

ஜட்ஜம்மா நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். காது மட்டும் சிவந்திருந்தது.

செப்டம்பர் 21, வியாழன்

காலை உணவுக்கு அவள் உட்கார்ந்ததும் முதலாம் ஆண்டு ஜெபக்குழு எட்டுப் பேர் மேசையைச் சுற்றி வந்தார்கள். கையில் சின்ன எண்ணெய்ப் பாட்டில். "அக்கா, உங்க கால்ல கை வச்சு ஜெபிக்கலாமா?" சொல்லி முடிப்பதற்குள் ஒருத்தி குனிந்து கை வைத்துவிட்டாள். இன்னொருத்தி பாட்டு எடுத்துக் கொடுத்தாள். ஜட்ஜம்மாவின் ஒரு கையில் பாதி கடித்த ரொட்டி. அவர்கள் ஆமென் சொல்லும் வரை அதைக் கடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"எழுதுனது நீதானே?"

"லிஃப்டுக்காகத்தான்..."

"லிஃப்ட்ங்கிற வார்த்தை அதுல எங்கடி இருந்தது? சொல்லு. எங்க இருந்தது?"

நான் குனிந்து படுக்கை விரிப்பை இழுத்துச் சரிசெய்தேன்.

"ரிப்பேர் ஆனது லிஃப்டு. நீ என் காலை ரிப்பேர்னு எழுதிப் போட்டிருக்கே. இருபது வருஷமா இது என் கால்டி. இதுல யாரும் எண்ணெய் தடவணும்னு நான் கேட்டேனா? நடக்க முடியாதவளாம்! உன்கூட தினம் கேன்டீனுக்கு நடந்து வர்றது யாரு, என் ஆவியா?"

லிஃப்ட் என்று எழுதினால் சிரிப்பார்கள், நடக்க முடியாதவள் என்று எழுதினால் உருகுவார்கள் – அப்படித்தானே யோசித்தேன்? படியில் "பாவம்" என்று சொன்ன இரண்டு பேரை இரண்டு வாரம் திட்டினேன். நான் அறுநூறு பேரைச் சொல்ல வைத்திருக்கிறேன். கிழித்த நாலு தாளிலும் லிஃப்ட் இருந்தது. ஐந்தாவதில் நான்தான் எடுத்தேன்.

மன்னிப்புக் கேட்டேன். "தள்ளுபடி" என்றாள்.

செப்டம்பர் 22, வெள்ளி

லேபுக்கு நான் மட்டும் போனேன். அவள் தரைத்தள நடையில், இரண்டாம் அறைக்கு எதிரே கிடந்த பெஞ்சில் புத்தகத்தைத் திறந்து வைத்து உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் இடம் இருந்தது. அதில் பையை வைத்தாள். புரிந்தது.

நான்கு. மன்னிப்பு தீர்ந்தது; இனி ஒன்று விழுந்தால் பாடம் ரத்து.

லேப் முடிந்து வரும்போது பூட்டிய பழைய எஸ்டேட் ஆபீசைக் கடந்தேன். கதவின் அடியில் ஒரு தாளின் முனை. இழுத்தேன். நீல மை. 'பெறப்பட்டது.' என் முத்திரை! இன்னும் இழுத்தேன் – வெந்நீர், மெஷின், சூப், லிஃப்ட், லிஃப்ட், லிஃப்ட். மூன்று வாரமாக மேடம் கட்டிக் கொடுப்பதை ப்யூன் அண்ணன் ஒழுங்காக மூன்று மாடி ஏறி, பூட்டிய கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்திருக்கிறார். ஆபீஸ் கீழே வந்தது ஆபீசருக்குத் தெரியும். தபாலுக்கு யாரும் சொல்லவில்லை, நானும்கூட.

கைக்கு வந்த அத்தனையையும் அள்ளிக்கொண்டு இரண்டாம் அறைக்குப் போய் மேசையில் வைத்தேன்.

"இது என்னம்மா?"

"உங்க கைக்கு வராத புகார் சார். மேல உங்க கதவுக்கு அடியில கிடந்துது."

"இப்படி நேரா கொண்டு வந்தா எப்படி? சேவை மையம் வழியாத்தான் வரணும். அதுதான் முறை."

"சேவை மையமே நான்தான் சார்!"

"அப்போ அங்க போய் உக்காந்து அனுப்பு."

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. பெஞ்சிலிருந்து ஜட்ஜம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை அல்ல. ஸ்டூலில் நீட்டியிருந்த அவர் காலை.

செப்டம்பர் 24, ஞாயிறு

அம்மா போனில். "ஊர் வம்பெல்லாம் உனக்கு எதுக்குடி? படிக்கப் போனியா, போராடப் போனியா?" ஒரே அறையில் இருப்பவள் மூன்று நாளாகப் பேசவில்லை என்று சொன்னேன். "நீ என்ன பண்ணே?" என்றாள் உடனே. பெற்றவளுக்குத் தெரியாதா.

செப்டம்பர் 27, புதன்

சேப்பல். மூன்றாவது சீட்டைப் பிரித்ததும் பாஸ்டர் ஒரு கணம் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு புற்றுநோய்க்கும் குறட்டைக்கும் வாசித்த அதே குரலில்:

'லிஃப்ட் பழுதானதால், முட்டி வலியோடு மூன்றாம் மாடியிலிருந்து தரைத்தளம் இரண்டாம் அறைக்கு இறங்கி வந்து இருபத்தாறு நாளாகக் கஷ்டப்படும் எஸ்டேட் ஆபீசர் ஐயாவுக்காக ஜெபியுங்கள். அவர் சீக்கிரமே மேலே திரும்பிப் போக வேண்டும். லிஃப்ட் மெக்கானிக்கைக் கூப்பிட அவருடைய விரல்களுக்குப் பெலன் கிடைக்க வேண்டும். மூன்றாம் மாடியில் அவருடைய கதவுக்கு அடியில் கிடக்கும் புகார்களுக்காகவும் ஜெபியுங்கள்.'

அறுநூறு தலையும் முன்வரிசைப் பக்கம் திரும்பியது. பிறகு குனிந்தது. யாரும் சிரிக்கவில்லை, சேப்பலில் சிரிக்கக் கூடாது. நிறையத் தோள்கள் குலுங்கின. பின்னாலிருந்து அதே குரல், "கர்த்தாவே, அந்த ஐயாவுடைய முட்டிகளைத் தொடும்!"

கண்ணை லேசாகத் திறந்து ஜட்ஜம்மாவைப் பார்த்தேன். இரண்டு கையையும் கோத்து, நெற்றி சுருங்க, அவ்வளவு பக்தியாக ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 28, வியாழன்

காலை எட்டு முப்பதுக்கு ஜெபக்குழு எட்டுப் பேரும் எண்ணெய்ப் பாட்டிலோடு இரண்டாம் அறைக்குள். "ஐயா, உங்க முட்டியில கை வச்சு ஜெபிக்கலாமா?" அந்தப் பிள்ளைகளுக்குக் கள்ளம் கபடம் தெரியாது; மனதாரத்தான் போனார்கள். ஐந்து சரணமும் பாடினார்கள். வெளியே நடை முழுக்கக் கூட்டம். பத்து மணிக்கு இரண்டாம் ஆண்டுக் குழு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஒன்பதரைக்கே ஆபீசர் போனைக் கையில் எடுத்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

மதியம் மெக்கானிக் வந்தார். ஒரே ஆள். ஒரு சின்னப் பெட்டியும் திருப்புளியும். "கதவுல ஒரு சுவிட்ச் போயிருக்கு. பத்து நிமிஷ வேலைதான். ஏன்மா ஒரு மாசமா யாரும் கூப்பிடல?" என்று என்னைக் கேட்டார்.  படிவம் வேண்டுமா அண்ணா என்று கேட்டேன்.

செப்டம்பர் 29, வெள்ளி

லிஃப்ட் கதவில் புதுத் தாள்: 'லிஃப்ட் இயங்குகிறது. தேவனுக்கே மகிமை. – எஸ்டேட் அலுவலகம்.' மெக்கானிக்குக்கு ஒரு நன்றி கிடையாது. தாமதத்துக்கு ஒரு வருத்தம் கிடையாது. அவளுடைய நாலு ஆப்சென்டில் ஒன்றைக்கூடக் குறைக்க முடியாதாம். பேராசிரியரிடம் கேட்டுப் பார்த்தேன், விதியாம். டிசம்பர் வரை அவளுக்கு ஒரு காய்ச்சல்கூட வரக் கூடாது.

கவுன்டரில் ஒருவன் வெந்நீர்ப் புகாரோடு பிடித்துக்கொண்டதில் லேபுக்கு நேரமாகிவிட்டது. ஓடினால், லிஃப்ட் நிறைய ஆள். கல் மாதிரிக் காலுள்ளவர்கள், முதல் மாடிக்குப் போகிறவர்கள்! திட்டக்கூட நேரமில்லை. அறுபத்தாறு படியையும் இரண்டிரண்டாகத் தாவினேன்.

அவள் எனக்கு முன்னாலேயே வந்து, கோட்டு மாட்டி, ப்யூரெட்டைக் கழுவி நிறுத்தியிருந்தாள். பக்கத்து ஸ்டூலில் அவள் பை. நான் வாசலிலேயே நின்றேன். நிமிர்ந்து பார்த்தாள். பையை எடுத்துக் கீழே வைத்தாள்.

உட்கார்ந்து அமிலக் குடுவைக்குக் கை நீட்டினேன். என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"கை நடுங்குறவங்க ஆசிட் தொடக் கூடாதும்மா."

பார்த்தேன். நடுங்கத்தான் செய்தது.

"நான் ஊத்துறேன். நீ அளவு எழுது. ஒரு வார்த்தையும் விடாம எழுது."