உன் பங்குக் கிணறு

உ

சரவணை,
வேலணை.
24.08.1975

அன்புள்ள மகள் சறோஜினிதேவிக்கு,

பிள்ளையார் கிருபையால் நானும் அப்பாவும் இங்கே நடமாடிக்கொண்டு சுகமாயிருக்கிறோம், நீயும் மருமகனும் பேரனும் அந்தத் தூர தேசத்தில் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டுமென்று விளக்கு வைக்கிற நேரமெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். உன் கடிதமும் அதற்குள் மடித்து வைத்த, இங்கே உன் வளவில் கட்டப்போகிற வீட்டின் படமும் கிடைத்தன. வழக்கமாய் அப்பாதான் எழுதுவார், என் கையெழுத்தைக் கண்டு பயந்துவிடாதே, ஒருவருக்கும் நோய் நொடி ஒன்றுமில்லை. அவர் எழுதுகிறேன் எழுதுகிறேன் என்று சொல்லிக் கதிரையில் இருந்தார், பேனையைத் திறந்தார், மேலேயுள்ள அன்புள்ள மகள் என்ற அந்த ஒரு வரியை எழுதினார், பிறகு வேலி பார்க்க வேண்டுமென்று எழும்பிப் போய்விட்டார். கடதாசியை வீணாக்குவானேன் என்று அதிலேயே நான் தொடர்கிறேன், முதல் வரி அழகாகவும் மிச்சமெல்லாம் கோழி கிளறினது போலவும் இருப்பதற்குக் காரணம் அதுதான்.

உன் வீட்டுப் படத்தை மூன்று வீட்டுக்குக் காட்டிவிட்டேன். குசினி யன்னலால் கை நீட்டினால் கிணற்றுக் கப்பி எட்ட வேண்டுமென்று நீ ஓரத்தில் எழுதியிருந்ததை வாசித்துவிட்டு, இவள் சாம்பியாவுக்குப் போயும் தண்ணீர் அள்ளுகிற யோசனையிலேயே இருக்கிறாளே என்று சிரித்தேன், அப்பா சிரிக்கவில்லை. வேறு காலமென்றால் அன்றைக்கே வளவுக்குள் போய் மூலைக்கு மூலை கட்டை அறைந்திருப்பார். இப்போது படத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். எனக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது, நேரே சொல்கிறேன் சறோ, உன் கிணறு சவராகிவிட்டது, தண்ணீர் உப்புக் கரிக்கிறது. தானாக ஆகவில்லை. எப்படி ஆனதென்று சொல்லவும், நீ உடனே ஒரு கடிதம் எழுதி அனுப்ப வேண்டுமென்று கேட்கவும்தான் இதை எழுதுகிறேன். மனம் ஒரு இடத்தில் நிற்குதில்லை, அடுப்பில் ஒன்றை வைத்துவிட்டு வாசல் படலைக்குப் போகிறேன், படலைக்குப் போனபிறகு எதற்கு வந்தேனென்று தெரியாமல் திரும்பி வருகிறேன்.

பங்குனியில் யாழ்ப்பாணத்து அரசாங்கத் தண்ணீர்க் கந்தோரிலிருந்து ஒரு ஜீப் வந்தது. விநாயகமூர்த்தி என்று ஒரு உத்தியோகத்தர், மருமகனின் வயதிருக்கும், நல்ல மரியாதையான பிள்ளை. வேலணையிலிருந்து இங்கே வரைக்கும் கிணற்றுக் கட்டுகளிலெல்லாம் வெள்ளைப் பெயின்டால் இலக்கம் போட்டுக்கொண்டு வந்தார். ஈயக்குண்டு கட்டின நாடாவை இறக்கித் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறதென்று பார்ப்பது, ஒரு போத்தலில் அள்ளி ஊசியுள்ள பெட்டியொன்றால் உப்புப் பார்ப்பது, மாதா மாதம் இதே வேலை. நான் ஏன் தம்பி இதெல்லாம் என்று கேட்டேன், அவர் எனக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னார். கடல் சுற்றியிருக்கிற எங்கள் தீவில் நல்ல தண்ணீர் என்பது மாரி மழை மண்ணுக்குள் இறங்கி உப்புத் தண்ணீருக்கு மேலே நிற்பதுதானாம், காய்ச்சின பாலுக்கு மேலே ஆடை நிற்கிறது போல. வாளியால் அள்ளினாலும் துலாவால் இறைத்தாலும் அது தாங்குமாம், மிசினைப் போட்டு ஒரேயடியாய் உறிஞ்சினால் கீழேயுள்ள உப்பு மேலே ஏறிவிடுமாம். அதனாலே நல்ல தண்ணீர்க் கிணறுகளைக் குடிதண்ணீருக்கென்று ஒதுக்கி அங்கே மிசின் வைக்கக்கூடாதென்று கந்தோர் ஒழுங்கு செய்யப்போகிறது, ஏற்கெனவே சவராயிருக்கிற கிணறுகளை ஏனென்று கேட்காது என்றும் சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கடைசிக் கதையைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

உனக்குத் தெரியும், வெளிநாட்டு வெங்காயம் வராமல் நின்றதிலிருந்து இங்கே எல்லாருக்கும் வெங்காயப் பைத்தியம். அப்பாவும் மிசின் வாங்கினார், கிணற்றின் மற்ற அரைப் பங்குக்காரர் அம்பலவாணர் பெரியப்பாவும் வாங்கினார். இரண்டு பேரும் வாய்க்காலில் மண் வெட்டிப் போட்டது யார் என்ற சண்டையில் உன் கலியாணக் காலத்திலிருந்து முகம் பார்த்துப் பேசாதவர்கள், முறை வைத்து இறைப்பார்கள், ஒருவர் போனபிறகுதான் மற்றவர் கிணற்றடிக்கு வருவார். அப்படிப்பட்ட பெரியப்பா ஒருநாள் எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தார். ஆரோ செத்துப்போனார்கள் என்றுதான் நான் நினைத்தேன். விசயம் என்னவென்றால், எங்கள் கிணறு சரவணையிலேயே நல்ல தண்ணீர்க் கிணறு, கந்தோர் முதலில் அதைத்தான் ஒதுக்கும், ஆகவே உத்தியோகத்தர் வருகிற நாளில் ஊசி ஏற வேண்டும், சவர் என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள், பிறகு நாலு நாளில் பழைய தண்ணீர் ஊறிவிடும், கிணறு எங்கே போகப்போகிறது. இதுதான் யோசனை. அப்பா முதலில் மாட்டேனென்றுதான் சொன்னார். பிறகு, சறோவுக்குச் சீதனமாய் அரைப் பங்கும் வழியும் வாய்க்காலும் காணி உறுதியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், நாளைக்கு அவர்கள் வந்து நிற்கும்போது கிணறு உங்களுடையது இறைக்கிற உரிமை கந்தோருடையது என்று மருமகன் வீட்டாருக்கு எந்த முகத்தோடு சொல்வேன் என்று தொடங்கிவிட்டார். உனக்காகத்தான் செய்தார், அதை நான் மறுக்கவில்லை. வெங்காயமும் அதற்குள் கொஞ்சம் இருந்தது.

உத்தியோகத்தர் வருகிற நாளைக்கு முதல்நாள் விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை இரண்டு மிசினையும் ஒன்றாய் ஓடவிட்டார்கள். தோட்டத்துக்குக்கூட இல்லை பிள்ளை, பனைகளுக்குள்ளே வீணாய்ப் பாயவிட்டார்கள். நான் பிறந்து வளர்ந்து இந்த வீட்டுக்கு வந்து இவ்வளவு காலமும் காணாத அடிப்பாறையைக் கண்டேன். இஞ்சருங்கோ போதும் என்று போய்ச் சொன்னதற்கு, உனக்கு இது விளங்காது, நீ உன் குசினியைப் பார் என்றார். அடுத்தநாள் ஊசி நன்றாய் ஏறிற்று. விநாயகமூர்த்தி பெட்டியைத் தட்டிப் பார்த்தார், இன்னொரு போத்தல் அள்ளிப் பார்த்தார், நேற்று மிசின் போட்டீர்களோ என்று இரண்டு பேரையும் கேட்டார். இல்லையென்று இரண்டு பேரும் ஒரே வாயாய்ச் சொன்னார்கள், இவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு வார்த்தையில்தான். ஜீப் போனபிறகு எங்கள் வீட்டில் இருந்துகொண்டு தேத்தண்ணி குடித்துச் சிரித்தார்கள். அது நான் முன்கூட்டியே குடத்தில் அள்ளி வைத்திருந்த தண்ணீர். குடம் முடிந்தது, சிரிப்பும் முடிந்தது.

நாலு நாள் போயிற்று, அடுத்த கிழமை போயிற்று, தண்ணீர் ஊறினது, உப்போடு ஊறினது. பருப்பு அவியுதில்லை, தேத்தண்ணிக்குப் பால் விட்டால் திரைகிறது, வெங்காயத்தாள் நுனி கருகி விழுந்துவிட்டது, பெரியப்பாவின் பக்கமும் அப்படித்தான். கரைப் பக்கத்துச் செபஸ்தியம்மா உனக்கு நினைவிருக்கும், வீச்சுவலைக்காரர் அருளப்புவின் பெண்சாதி, குடிக்கிற தண்ணீருக்கு எங்கள் கிணற்றுக்குத்தான் வருவாள். அவளைக் கிணற்றில் வாளி போட விடாமல் நான் அள்ளி ஊற்றுவதைப் பற்றி நீ என்னோடு சண்டை பிடித்திருக்கிறாய். அன்றைக்கும் ஊற்றினேன், ஒரு கை ஏந்திக் குடித்துப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். “அக்கா, எங்கட பக்கம் கிடந்த கடல் உங்கட கிணத்துக்கை வந்திட்டுதெல்லோ” என்றாள். நக்கலாய்ச் சொல்லவில்லை, செத்த வீட்டில் சொல்வது போலச் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இப்போது அவர்களுடைய மாதா கோயில் கிணற்றிலிருந்து எங்களுக்கும் ஒரு குடம் கொண்டுவந்து தருகிறாள், அவள் ஊற்றுகிறாள், நான் குடத்தைப் பிடிக்கிறேன். உன் சண்டைக்கு இப்போதுதான் பதில் கிடைத்திருக்கிறது, சந்தோசப்படாதே.

போன செவ்வாய்க்கிழமை விநாயகமூர்த்தி திரும்ப வந்தார். பெரியப்பா ஊர்காவற்றுறையில் அலுவலென்று காலையிலேயே வஸ் ஏறிவிட்டார். நான் கோயில் தண்ணீரைத் தொடாமல் வேண்டுமென்றே எங்கள் கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணி போட்டேன், பால் திரைந்து மிதந்தது, அப்படியே கொண்டுபோய் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தேன். அந்தப் பிள்ளை ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை வைத்தார். அப்பா கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிலத்தைப் பார்த்துச் சொன்னார், “தம்பி, நாங்கள்தான் இறைச்சனாங்கள். உம்மட ஊசி ஏறவேணுமெண்டு இறைச்சனாங்கள்.” கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் ஒருவருக்கும் இப்படித் தலை குனிந்து நான் காணவில்லை, எனக்குக் கோபமெல்லாம் போய்விட்டது.

அந்தப் பிள்ளை ஏசுவாரென்று பார்த்தால் ஏசவில்லை. இயற்கையாய்ச் சவர் என்று எழுதினதை வெட்டி, கெட்டுப்போன நல்ல கிணறு என்று மாற்றினால் கந்தோர் அதை ஆறவிடும் கிணறுகளோடு சேர்க்கும் என்றார். இரண்டு மாரி மிசின் படாமல் விட வேண்டுமாம், சுற்றியுள்ள கிணறுகளிலும் குறைக்க வேண்டுமாம், வெங்காயத்துக்காகத் தூர்த்த வெள்ளவாய்க்காலைத் திரும்ப வெட்டி மழைத் தண்ணீரைக் குளத்துக்கு விட வேண்டுமாம், அது ஓடிக் கடலுக்குப் போகாமல் மண்ணுக்குள் இறங்கினால் நல்ல தண்ணீர் திரும்ப மேலே நிற்குமென்று நம்புகிறாராம். நிச்சயமோ என்று கேட்டேன், நிச்சயமில்லை அம்மா, இந்த மாரிக்கே மிசினைத் திரும்பப் போட்டால் திரும்பாது என்பது மட்டும் நிச்சயம் என்றார். இதற்குப் பங்குக்காரர் சம்மதிக்க வேண்டும், உங்கள் பங்கு யாருடைய பெயரில் என்று கேட்டார். மகளுடையது, அவள் ஆபிரிக்காவில் என்று அப்பா சொன்னார்.

இதுதான் சங்கதி. அப்பா பெரியப்பாவிடம் போய்ச் சொன்னால், ஒரு மழை விழட்டும் எல்லாம் சரியாகும், நான் மிசினை நிறுத்தி நீ இறைக்கவோ என்று சத்தம் போட்டார். கடைசியில், சறோ தன் பங்கை நிறுத்தினால் நானும் நிறுத்துகிறேன், அவள் கையெழுத்தைக் காட்டு என்று இறங்கி வந்திருக்கிறார். அவர் சொல் மாறுகிற மனிதர், உன் கடிதம் மழைக்கு முந்தி வர வேண்டும். என் பங்குக் கிணற்றில் மிசின் வைக்கச் சம்மதமில்லை, குடிக்கிறதற்கு மட்டும் அள்ளலாம், செபஸ்தியம்மா ஆட்கள் தங்கள் வாளியாலேயே அள்ளலாம் என்று தெளிவாய் எழுதி, மருமகனையும் கையெழுத்து வைக்கச் சொல். அந்தக் கடைசி வரியை நான் கேட்டு எழுதினதாய் ஒருவருக்கும் சொல்ல வேண்டாம், நீயாய் எழுதினதாய் இருக்கட்டும்.

அப்பா ஏன் எழுத முடியாமல் எழும்பிப் போனார் என்று இப்போது விளங்கும். கிணறு இரண்டு மாரி ஆறவேண்டுமென்றால் உன் வீடும் இரண்டு மாரி பொறுக்க வேண்டும், சவர்த் தண்ணீரில் குழைத்துச் சுவர் எழுப்ப ஏலாது, பேரனுக்கு அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கொடுக்கவும் ஏலாது. வா, வா என்று எழுதத்தான் எனக்கு ஆசை, உன்னைக் கண்டு எவ்வளவு காலம். இப்போது வராதே என்று என் கையாலேயே எழுதுகிறேன். மருமகன் வீட்டார் என்ன சொல்வார்கள் என்ற யோசனையும் ஒரு பக்கம். மருமகனிடம் நீயே பக்குவமாய்ச் சொல், அப்பாவை ஒரு வார்த்தை குறையாய் நினைக்க விடாதே.

அவர் இப்போது காலையில் எழும்பினதும் முதல் வேலையாய்க் கிணற்றடிக்குத்தான் போகிறார், ஒரு வாளி அள்ளுவார், கையில் ஏந்தி வாயில் விடுவார், கொப்பளித்துத் துப்புவார், வாளியைக் கவிழ்த்துவிட்டு வருவார். இன்றைக்குக் குசினிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் துப்பவில்லை. ஓடிப்போய் நல்லாய் வந்திட்டுதோ என்று கேட்டேன். “இல்லை, அதே சவர்தான். சறோவின்ரை தண்ணி, துப்ப மனம் வரேல்லை” என்றார்.

பேரனுக்கு என் முத்தங்கள், வெயிலில் விளையாட விடாதே. பிள்ளையார் உங்கள் மூவருக்கும் துணையிருப்பார், நீடூழி வாழ வேண்டும். கடிதத்தைக் கந்தோருக்கு அனுப்பாமல் அப்பாவின் பெயருக்கே அனுப்பு, அவர் கையால் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். ஐப்பசி மழைக்கு முந்தி, மறந்துவிடாதே.

உன் அன்பு அம்மா,
த. இலட்சுமிப்பிள்ளை