போலகம் சாலையில் நீ கேட்ட கேள்வி

பாய்,

பள்ளிக்கூடம் நேற்றோடு மூடியாயிற்று. இனி புத்தாண்டு கழிந்துதான் திறப்பு. இன்று காலை வண்டியின் சீட்டுகளைக் கழற்றி வெயிலில் போட்டேன். அடியிலிருந்து கிளம்பியது பார் ஒரு வாடை! ஆரஞ்சுத் தோல், ரப்பர், மழையில் நனைந்த சாக்ஸ், ஏதோ ஒரு பிள்ளை தின்னாமல் திணித்து வைத்த தயிர்சாதம், எல்லாம் சேர்ந்து மூக்கில் ஏறியது. உடனே உன் ஞாபகம். இந்த வாடைக்கா என்னை நினைத்தாய் என்று நீ இருந்தால் முதுகில் ஒன்று வைத்திருப்பாய்.

ஒரே பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பேரும் வண்டி ஓட்டினோம். மண்டபத்தூர்ப் பக்கம் எனக்கு, பட்டினம், போலகம் பக்கம் உனக்கு. வளைகுடாவில் பத்து வருடம் தண்ணீர் லாரி ஓட்டிவிட்டு, போதும் என்று வந்தவன் நீ. அரையாண்டு விடுமுறைக்கு உன்னைப் போலக் காத்திருந்தவன் கிடையாது. "புள்ளைங்களுக்கு லீவுன்னா வண்டிக்கும் லீவு, வண்டிக்காரனுக்கும் லீவு. இப்பத் தூங்காம எப்பத் தூங்குறது மாப்ள?" என்பாய். முதல் மூன்று நாள் தூக்கம். அதன் பிறகு பிரேக், விளக்கு, டயர், வைப்பர் என்று வண்டியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாய். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. அந்தப் பத்து நாளும் கல்யாண சவாரி, கோயில் சவாரி என்று அலைவேன். "உடம்ப அடமானம் வச்சு ஓட்டுற நீ" என்று திட்டுவாய்.

ஒரு வருடம் மட்டும் விடுமுறையின் முதல் நாளில் நீ தூங்கவில்லை. காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாய்.

"மாப்ள, போலகம் வரைக்கும் ஒரு சோலி இருக்கு. உன் வண்டிய எடு."

"ஏன், உன் வண்டிக்கு என்னா?"

"எடுடான்னா எடு."

பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாய். வழியெல்லாம் பேச்சே இல்லை. வாயை மூடத் தெரியாத ஆள் நீ. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். போலகம் உள்சாலையில் திரும்பினோம். இரண்டு பக்கமும் சம்பா கதிர் தலைசாய்ந்து நின்றது. நடுவில் ஒரு வண்டி போகிற அளவுக்குத்தான் சாலை.

"எதிர்ல என்னா வருது மாப்ள?" என்று கேட்டாய்.

"ஒண்ணும் வரல."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"அதான் ஒண்ணும் வரலங்கிறேன்ல!"

"ட்ராக்டர் வருது. பிரேக்கப் போடு."

போட்டேன். வண்டி நின்ற பிறகுதான் அந்தச் சிவப்பு என் கண்ணுக்கு ட்ராக்டராக உருவெடுத்தது. அந்த ஆள் எங்களைத் திட்டிக்கொண்டே ஓரம் கட்டிப் போனான். நான், "பனி பாய், மார்கழிப் பனி" என்றேன். நீ கைக்கடிகாரத்தைப் பார்த்தாய். "பத்தரை மணிக்குப் பனியா? அடேங்கப்பா" என்றாய். உன் முகத்தில் சிரிப்பு இல்லை.

உனக்குச் சந்தேகம் எப்படி வந்தது என்பதையும் அங்கேயே சொன்னாய். அதற்கு முந்தின வாரம், உன் வண்டி பஞ்சராகி நின்றபோது நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் ஆட்டினாயாம். நான் உன்னைப் பார்த்தபடியே தாண்டிப் போனேனாம்.

எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு வருடமாகவே இரண்டு கண்ணிலும் புகை படிந்த மாதிரி இருந்தது. ஆனால் மண்டபத்தூர்ச் சாலை எனக்கு மனப்பாடம். ஐஸ் கம்பெனி தாண்டி இரண்டாவது கியர், வேப்பமரத்தில் ஹாரன், வேகத்தடைக்கு முன்னால் பத்து எண்ணினால் பிரேக். பிள்ளைகளைப் பையின் நிறத்தை வைத்துக் கண்டுபிடிப்பேன். பழக்கமே கண்ணாக ஓடிக்கொண்டிருந்தது. அதனால்தான் நீ எனக்குப் பழக்கமில்லாத சாலைக்குக் கூட்டிப்போனாய். எமகாதகன்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "என் பொழப்புல மண்ணள்ளிப் போடாத பாய்! வெளிய தெரிஞ்சா சாவியப் புடுங்கிடுவாங்க" என்று கத்தினேன். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. என்னவெல்லாமோ பேசினேன். பட்டினத்து ஆளுக்கு மண்டபத்தூர் ரூட் மேல் கண்ணா என்றுகூடக் கேட்டேன். நீ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாய்.

"பேசி முடிச்சிட்டியா? நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். நான் சொன்னா அது கோள். நீ போய்ச் சொல்லணும். சொல்லலேன்னா லீவு முடிஞ்சு நீ வண்டிய எடுக்கிற அன்னிக்கு நான் முன்னாடி படுத்துக்குவேன். கண்ணுதான் தெரியாதுல்ல, ஏத்திட்டுப் போ."

அன்று மத்தியானம் தாளாளர் வீட்டுக்குப் போனேன். நீ தெருமுனையிலேயே நின்றுவிட்டாய். அவர் முழுதும் கேட்டார். பிறகு, "பொங்கல் கழிச்சு டாக்டர் கடிதாசியோட வாங்க, பார்ப்போம். அதுவரைக்கும் வண்டிக்கு ஆள்?" என்றார். நான் தலையைச் சொறிந்துகொண்டு தெருமுனைக்கு வந்தேன். அதற்கும் நீயே பதில் வைத்திருந்தாய். "ரெண்டு ட்ரிப்பா அடிக்கிறேன்னு சொல்லு, போ." பள்ளிக்கூடம் திறந்ததும், விடிகாலை சுபுஹு தொழுதுவிட்டு முதலில் என் மண்டபத்தூர், பிறகு உன் பட்டினம். சாயங்காலமும் அப்படியே. தூக்கத்தைக் கொண்டாடுகிற மனுஷன், எனக்காக அதை விட்டாய்.

விடுமுறைக்குள்ளேயே இரண்டு கண்ணிலும் புரை எடுத்தார்கள், சில நாள் இடைவெளி விட்டு. கறுப்புக் கண்ணாடி, சொட்டு மருந்து. குனியாதே, தலைக்கு ஊற்றாதே, தூக்காதே. என் வீட்டுக்காரி ஜெயில் வார்டன் போலக் காவல் இருந்தாள். படுத்துக் கிடந்து பழக்கமில்லாத உடம்பு எனக்கு. நீ தினமும் வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்து, "படுக்கிறதும் வேலதான் மாப்ள. ஒழுங்கா வேலையப் பாரு" என்பாய். அந்த ஜனவரியில்தான் பகலில் தூங்கினால் கனவு வரும் என்பதே எனக்குத் தெரிந்தது. இருபது வருடக் களைப்பு உள்ளே இருந்திருக்கிறது பாய். இறங்க இறங்க அழுகைகூட வந்தது.

பொங்கல் கழிந்து டாக்டர் சரி என்று எழுதிக் கொடுத்தார். அப்போதும் நீ சாவியைத் தரவில்லை. பள்ளிக்கூடம் இல்லாத நாளாகப் பார்த்து, காலி வண்டியில் என்னை உட்கார வைத்து மண்டபத்தூர் ரூட்டை ஓட்டச் சொன்னாய். வாய்க்கால் திருப்பத்தில் நானாகவே நிறுத்திவிட்டேன். மதகின் கைப்பிடிச் சுவர் இடிந்து கிடந்தது. சாலை ஓரமும் கொஞ்சம் சரிந்து, கீழே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"இது எப்ப இடிஞ்சுது?"

"ஐப்பசி மழையில."

ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் ஒரு வாரம். தினமும் இரண்டு நடை, பதினான்கு பிள்ளைகள். ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். நீ ஒரு சொல் குத்திக் காட்டவில்லை. இறங்கிப் போய் எங்கிருந்தோ டீ வாங்கிவந்தாய். "அல்லா காப்பாத்துனான். இப்ப நீ காப்பாத்து" என்றாய். அன்றைக்கு உனக்கு நன்றி சொல்லவில்லை, டீ ஆறிவிட்டது என்றுதான் சொன்னேன். இப்போது சொல்கிறேன் பாய். நன்றி. ஆயிரம் தடவை நன்றி.

மறுநாள் பிள்ளைகளை ஏற்றும்போது மண்டபத்தூரில் நீலப் பைக்காரி முன்பல் இல்லாமல் சிரித்தாள். இரண்டு வருடமாக என் வண்டியில் வருகிறவள். முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

நீ மவுத்தாகி மண்ணுக்குள் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. பேத்தி பள்ளிக்கூடம் போவதைப் பார்க்காமலே போய்விட்டாய். போன ஜூனில் உன் மகள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஷெட்டுக்கு வந்தாள். மண்டபத்தூர்ப் பக்கம்தான் இப்போது குடியிருக்கிறார்களாம். வேறொரு வேன் அவர்கள் தெருவுக்குள்ளேயே வருகிறது. என் வண்டிக்கு மெயின் ரோடு வரை நடந்து வரவேண்டும். அதைச் சொல்லி, "எதுக்கும்மா சிரமம்?" என்றேன்.

"வாப்பா இருக்கும்போதே சொல்லிட்டாங்க மாமா. புள்ளய எங்க சேத்தாலும் சரி, மாமா வண்டியிலதான் ஏத்தணும்னு."

நான் குருட்டுக் கண்ணோடு ஓட்டினேன் என்பது இந்த ஊரில் உனக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்குத் தெரியும்? அந்த நீதான் உன் பேத்தியை என்னிடம் கொடுத்திருக்கிறாய்.

சீட்டெல்லாம் காய்கிறது. பிரேக்கை நாளை பிரிப்பேன். இப்போது கண் டாக்டரிடம் கிளம்புகிறேன். ஒன்றும் கோளாறு இல்லை பாய், சும்மாதான். அவர் என்ன சொன்னாலும், அதை அப்படியே முதலில் உன் மகளிடம் சொல்லிவிடுவேன்.