கரண்ட் வந்ததும் அழுத பெட்டி

ஒக்கலிபுரம், பெங்களூர்
17-11-1993, இரவு

அன்புள்ள அண்ணாவுக்கு,

பிரபா எழுதுவது. அம்மா, அப்பா, நான் மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அம்மாவுக்கு ஒன்றுமே இல்லை, இந்த வரியை இன்னொரு முறை படித்துக்கொள். நாளைக்கு உனக்கு "மதர் சீரியஸ், ஸ்டார்ட் இம்மீடியட்லி" என்று தந்தி வரும், நம்பாதே. நீ சிங்கப்பூரில் நன்றாகத்தானே இருக்கிறாய்? மூன்று வாரமாக உன் கடிதம் இல்லை, அதனால்தான் எல்லாம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. எப்போதும் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். இது அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுவது. அப்பா நைட் ஷிஃப்ட் போயிருக்கிறார். அம்மா கட்டில் பக்கத்தில் பாய் போட்டுத் தூங்குகிறாள், நான் சமையலறையில் அரிசி டின் மேல் பேப்பரை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

அண்ணா, நீ செய்து வைத்துவிட்டுப் போன சின்தசைசரை, அந்தச் சத்தம் உண்டாக்கும் பெட்டியை, நான் தொட்டுவிட்டேன். இன்று நேற்று இல்லை, ஜூலையில் இருந்தே. யாரும் தொடக்கூடாது என்று நீ சொன்னதும், பத்தாவது பரீட்சை முடிகிற வரை நான் அது பக்கம் போனால் பழைய சாமான் வாங்குகிற குஜிரிக்காரனுக்குத் தூக்கிப் போட்டுவிடுவேன் என்று அப்பா சொன்னதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. உன் நோட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். முதலில் சத்தம் எழுப்புகிற ஆஸிலேட்டர் ஒரே சுருதியில் கத்திக்கொண்டே இருந்தது, என்ன செய்வது என்று தெரியவில்லை. பிறகு ஃபில்டருக்குள் விட்டால் அந்தக் கரகரப்பு போகிறது என்று புரிந்தது. மெதுவாக ஆடும் ஆஸிலேட்டர் கெட்டுப்போய்விட்டது என்று ரொம்ப நாள் நினைத்தேன், ஏனென்றால் அதில் சத்தமே வரவில்லை. அது நாம் கேட்பதற்கு இல்லை, அதன் ஒயரை இன்னொரு ஆஸிலேட்டரில் சொருகினால் அதன் குமிழை யாரோ உட்கார்ந்து திருப்புகிற மாதிரி சுருதியை மேலும் கீழும் இழுக்கும் என்று செப்டம்பரில்தான் கண்டுபிடித்தேன். அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை. எல்லாம் ஹெட்போன் போட்டுத்தான், வெளியே ஒரு சத்தம் வராது.

திங்கட்கிழமை ராத்திரி, அப்பா ஷிஃப்டில் இருந்தபோது, அந்த ஒயரைச் சுருதிக்கும் சத்தத்துக்கும் இரண்டுக்கும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தேன். விக்கி விக்கி அழுகிற மாதிரி வந்தது. கேட்டுக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. அம்மா புரண்டு படுத்தாள், பயத்தில் ஹெட்போனைப் பிடுங்கிப் புத்தகப் பையில் ஒளித்துவிட்டு, பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் படுத்துவிட்டேன். சுவிட்சை அணைக்க மறந்துவிட்டேன் அண்ணா. இரண்டரை மணிக்குக் கரண்ட் வந்தது. ஹெட்போன் இல்லாததால் ஸ்பீக்கரிலேயே அழ ஆரம்பித்துவிட்டது. அம்மா "பாலா, பாலா" என்று உன் பெயரைச் சொல்லி அலறிக்கொண்டு இருட்டில் தவழ்ந்துபோய்ப் பெட்டி மேல் கை வைத்தாள். அதே நேரத்தில் நான் இந்தப் பக்கமிருந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். சத்தம் நின்றது. அவள் கை வைத்ததால்தான் நின்றது என்று அம்மா நினைத்துவிட்டாள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் போய்ப் படுத்துக்கொண்டேன்.

காலையில் பக்கத்து வீட்டு வனஜா அக்கா வந்து அம்மாவிடம், "எங்க வூட்டு ரேடியோ ஆஃப் பண்ணா வாய மூடிக்குது. உன் புள்ள செஞ்ச பெட்டி யாரும் தொடாமயே அழுவுதுன்னா சும்மனே இல்ல மங்களக்கா, புள்ள அங்க எந்தக் கஷ்டத்துல இருக்கோ" என்றாள். அதிலிருந்து அம்மா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. அந்த அக்கா வீட்டுக்காரர் ஞானசேகரன் மாமா காலையில் சிட்டி ஸ்டேஷன் வேலைக்குப் போகும்போது, அம்மா சீரியஸ் என்றால்தான் நீ உடனே வருவாய் என்று அப்படியே தந்தி கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். ஆறு மாதம் முடியாமல் கிளம்பினால் அந்தக் கம்பெனியில் திரும்பச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று நீ எழுதியிருந்தாய். அது என்னால் போகப்போகிறது. அதனால்தான் வராதே வராதே என்று எழுத உட்கார்ந்தேன்.

இங்கே நிறுத்தி உறை மேல் உன் அட்ரஸ் எழுதும்போதுதான் உறைத்தது. இது உன் கைக்கு வரப் பத்து நாள் ஆகும். தந்தி நாளைக்கே வந்துவிடும். இதைப் படிக்கும்போது நீ அங்கே இருக்கவே மாட்டாய். மணி நாலே கால். அம்மாவை எழுப்பப் போகிறேன்.

காலை, மணி ஆறு. எழுப்பினேன். பெட்டியை இழுத்து பிளக்கைச் சொருகி சுவிட்சைப் போட்டேன். அழுதது. முதுகில் இரண்டு அடி விழுந்தது. "அப்ப அழுதது அவன் இல்லியா? அவன் நல்லாத்தான இருக்கான்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இந்த ஒயர்தான் அழ வைக்கிறது என்றேன். எடுத்துக் காட்டச் சொன்னாள், எடுத்தால் அழுகை நின்று வெறும் ஊளை, சொருகினால் அழுகை. மூன்றாவது தடவை அவளே பிடுங்கினாள். "அய்யோ, இவ்ளோதானா" என்று கீழே உட்கார்ந்துவிட்டாள். பிறகு முடியைக்கூட அள்ளி முடியாமல் ஓடிப்போய், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருமுனைக்குப் போன மாமாவை நிறுத்தித் தந்திப் பேப்பரை வாங்கிக்கொண்டு வந்தாள். வனஜா அக்காவிடம் என்ன சொன்னாள் தெரியுமா, "பெருச்சாளி ஒயரக் கடிச்சிருக்குடி" என்று. என்னிடம், "அப்பாகிட்டயும் அதான், நீ வாயத் தொறக்காத" என்றாள்.

அதுதான் இப்போது எனக்குப் புதுப் பயம். பெருச்சாளி என்று கேட்டால் அப்பா கட்டிலுக்கு அடியில் இருக்கிற எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டுவிடுவார். ஞாயிற்றுக்கிழமை குஜிரிக்காரன் வருவான். உன் பதில் வரும் வரை என்னால் முடிந்த அளவு பார்த்துக்கொள்கிறேன். இது கைக்கு வந்தவுடன் அப்பா பெயருக்கு ஒரு வரி எழுது, பெட்டி வீட்டிலேயே இருக்கட்டும் என்று. பிரபா தொடலாம் என்று எழுத உனக்கு மனசு வந்தால் அதையும் எழுது. நீ எழுதினால் அப்பா கேட்பார்.

அம்மா இப்போதுதான் காப்பி குடித்தாள். நீ நல்லா இருக்கணும், வாரம் ஒரு கடிதம் தவறக்கூடாது, எண்ணெய் தேய்த்துக் குளி என்று சொல்கிறாள், அவளுடைய ஆசீர்வாதத்தையும் இதிலேயே எழுதச் சொன்னாள். அப்பா செருப்புச் சத்தம் கேட்கிறது.

உன் தங்கை,
கோ. பிரபா